பதினேழாம் நம்பர் குப்பி

நாலாவது தடவையும் வளையம் வரவில்லை.

கொச்சு தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். நான் கழுவும் அறையில் நின்று, இரண்டு அறைக்கும் நடுவே இருக்கிற கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சோப்பு நுரை. அவள் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் திருப்பினாள். பிறகு மேசையில் வைத்துவிட்டு, நாற்காலி இருந்தும் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. குழாயைப் பெரிதாகத் திறந்து விட்டு, கழுவிய குடுவையையே திரும்பக் கழுவினேன்.

வளையம் ஏன் வரவில்லை என்று அந்தக் கட்டடத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது எனக்குத்தான். அதை நான் சொல்லவில்லை.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில், அன்றைக்குக் குடிவந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, தின்கிற பொருள்களை ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலைதான். அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்துப்போனது. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. சின்னதிலிருந்தே அப்படி. பஸ்ஸில் இறங்குகிற இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறேன்.

கொச்சு அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண். நெய்யாற்றின்கரைப் பக்கம். வீட்டில் மலையாளம், என்னோடு மட்டும் தமிழைக் கலந்து பேசுவாள். அவளுக்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. நான் கொச்சு, அதாவது சின்னவள், என்றே கூப்பிட்டு, கடைசியில் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. மற்றவர்கள் அழுக்குக் குடுவைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். இவள் நின்று, அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அவள் தயிரைப் படிக்கிறாள். பாலில் இருக்கிற புரதம் நீளமான நூல் மாதிரியாம். தயிர்க் கிருமி அதைத் துண்டு துண்டாக வெட்டித் தின்னுமாம். வெட்டி விழுகிற துண்டுகளில் சிலதுக்கு மற்றக் கிருமிகளைக் கொல்லுகிற குணம் உண்டாம். அது போக, தயிர்க் கிருமியும் தன் பங்குக்கு ஒரு விஷத்தைக் கக்குமாம். நமக்கு ஒன்றும் செய்யாத விஷம்.

"ஃபிரிட்ஜுக்குள்ளயும் வளருற கெட்டது உண்டு அம்மே. மீனுல, பன்னீருல எல்லாம். மருந்து போடாம, இதை வச்சே அதைத் தடுக்க பற்றுமான்னு நோக்குறேன்" என்றாள் ஒருநாள்.

அதைப் பார்க்கத்தான் தட்டு. உள்ளங்கையில் அடங்குகிற, மூடி போட்ட கண்ணாடித் தட்டு. அதில் கடல்பாசிக் கூழை ஊற்றி இறுக வைத்து, கெட்ட கிருமியை மேலே தடவினால், மழைக்காலத்தில் பஸ் கண்ணாடியில் படிகிற ஆவி மாதிரி ஒரே நாளில் வெள்ளையாக மூடிவிடும். நடுவே சின்னக் குழி ஒன்று எடுத்து, தயிர்க் கிருமி வளர்ந்த சாற்றை ஒரு சொட்டு விடுவாள். சொட்டுக்குச் சக்தி இருந்தால் குழியைச் சுற்றி வெள்ளை அண்டாது. தெளிவாக ஒரு வட்டம் நிற்கும். அதுதான் வளையம்.

ஊரெல்லாம் வீடு வீடாக ஏறி அவள் தயிர் வாங்கிக்கொண்டிருந்த சமயம். போன வருஷம் கர்க்கடக மாத, நம்ம ஆடி மாத மழை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என்னிடம் வந்தாள்.

"அம்மே, உங்க வீட்டுத் தயிரு எத்தனை வருஷமா போகுது?"

"கல்யாணம் ஆன நாளிலேருந்து மோளே. மாமியார் தந்த உறை."

"இடையில முறிஞ்சதே இல்லையா?"

"இல்ல. ஊருக்குப் போனாலும் அடுத்த வீட்டுல குடுத்துட்டுப் போவேன். வந்து வாங்கிக்கிடுவேன்."

"நாப்பது வருஷமா?"

"கூடுமே தவிரக் குறையாது."

அவள் கண் விரிந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. நாற்பது வருஷம் பாலிலேயே கிடந்து, பாலையே தின்று வளர்ந்த கிருமி என்றால், பால் புரதத்தை வெட்டுவதில் அதை மிஞ்ச ஆள் இருக்காது என்று அவளுக்கு ஓர் எண்ணம். ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்த குப்பி ஒன்றை என் கையில் தந்தாள். மூடியில் பதினேழு என்று எழுதியிருந்தது.

"நாளைக்கு ரண்டு மணிக்கு முன்னே வேணும் அம்மே. சனி ஞாயிறு இங்க அடைப்பு. அதுக்கு முன்னே தட்டுல வைக்கணும்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் நாளைக்கு வெள்ளி என்பது உறைத்தது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வீட்டு உறை வாசல் தாண்டாது. பால், தயிர், உப்பு, சுண்ணாம்பு எதுவும் தாண்டாது. அதில் உறைக்குத்தான் கெடுபிடி அதிகம். கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தோடு வந்து நின்றாள். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒரு கரண்டி உறைமோர் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வீட்டுக்காரர் கிழக்கேகோட்டையில் பஸ் படியிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டுப்போட்ட காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் வெள்ளிக்கிழமை கொடுத்ததில்லை.

கொச்சுவிடம், "திங்கள்கிழமை தாறேன் மோளே" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மூன்று வார்த்தை. அது வரவில்லை. அவ்வளவு படித்த பிள்ளையிடம் போய் வெள்ளிக்கிழமை, உறை என்றெல்லாம் சொன்னால் சிரித்துவிடுவாளோ என்று இருந்தது.

எனக்கு வேறு வழி ஒன்று தெரியும். உறை இல்லாத வீட்டில், இரவல் கேட்கவும் மனசில்லாவிட்டால், வற்றல் மிளகாய்க் காம்பைப் பாலில் போடுவோம். தொப்பியோடு கிள்ளிய காம்பு ஏழெட்டு. வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடி வைத்தால் விடியும்போது தயிராகிவிடும். கொஞ்சம் தளதளவென்று இருக்கும், அவ்வளவுதான்.

வேலை விட்டுப் போகும்போது பழவங்காடியில் ஒரு கடையில் வற்றல் மிளகாய் ஒரு பொட்டலம் வாங்கினேன். பூத்தில் பால் வாங்கிக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் கொச்சுவின் குப்பியில் ஊற்றி, காம்பைப் போட்டு மூடி, வாசற்படிக்கு வெளியே சாக்குக்குள் பொதிந்து வைத்தேன். வீட்டு உறை இல்லை, வீட்டுக்குள்ளே உறைந்ததும் இல்லை. அதனால் தோஷம் இல்லை என்று எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன். காலையில் கெட்டியாகிவிட்டிருந்தது. தீயில் காட்டிய கரண்டியால் காம்புகளை எடுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போனேன்.

"இதுதான் அந்த நாப்பது வருஷமா?" என்று கொச்சு கேட்டாள்.

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துதான் நான் சொன்ன பொய். தயிர் என்றால் எல்லாம் தயிர்தானே, அவள் நூறு குப்பி வைத்திருக்கிறாள், இது ஒன்று என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

மற்றக் குப்பிகளில் ஒன்றிலும் சொல்லும்படி வளையம் வரவில்லை. பதினேழில் வந்தது. நல்ல பெரிய வளையம், சட்டைப் பொத்தான் அளவுக்கு. கொச்சு தட்டோடு கழுவும் அறைக்கு ஓடிவந்து காட்டினாள். அவளுக்கு மேலே இருந்து ஆராய்ச்சியை நடத்துகிற மேடம், அதுவரை என் பக்கம் திரும்பியே பார்க்காதவர், கதவருகே வந்து, "நல்ல தயிர்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். நடைவழியில் பெரிய தாளில் படம் போட்டு ஒட்டினார்கள். அதில் ஒரு வரியைக் கொச்சு எனக்கு வாசித்துக் காட்டினாள்: நாற்பது ஆண்டாக முறியாமல் வந்த வீட்டுத் தயிரிலிருந்து.

என்னோடு கழுவுகிறவள் திருநெல்வேலிக்காரி. வாய் ஓயாது. "யக்கா, உங்க தயிருக்கு இனி பாஸ்போர்ட் எடுக்கணும். வெளிநாடு போவப் போவுது. நீங்க இங்கனயே பாட்டில் தேச்சுக்கிட்டு கிடங்க" என்பாள். நான் சிரிப்பேன். அந்தத் தாள் ஒட்டிய நடைவழியை விட்டு, பின்பக்கப் படி வழியாக ஏறிப் போக ஆரம்பித்தேன்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. கொச்சு அந்தக் கிருமியை வளர்த்தாள், பாலில் விட்டாள், புரதத்தை வெட்டின துண்டுகளைப் பிரித்தாள், மீன் துண்டில் பூசிப் பார்த்தாள். இனி எழுதி முடித்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் எங்கேயோ இருக்கிற பெரியவர்கள் கேள்வி அனுப்பினார்கள். அதே வீட்டுத் தயிரிலிருந்து அதே கிருமியை இன்னொரு தடவை எடுத்துக் காட்ட முடியுமா என்று.

கொச்சு சிரித்துக்கொண்டேதான் குப்பி தந்தாள். இந்த முறை செவ்வாய்க்கிழமை. வீட்டுத் தயிரையே கொண்டுபோனேன். அப்போதுகூட எனக்கு முழுசாகப் புரியவில்லை. நாற்பது வருஷத் தயிர், மிளகாய்த் தயிரைவிட மேலாகத்தானே இருக்கும் என்று நம்பினேன். வளையம் வரவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை. நாலாவதுதான் நான் முதலில் சொன்னது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் மேடம் வந்தார். நான் கழுவும் அறையில் இருப்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான். அவர் பேசியது மலையாளம். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

"இந்தக் கிருமி எந்த ஜாதி என்று சோதனை முடிவு வந்ததே, வாசித்தாயா? பாலைவிடச் செடியிலும் காய்கறியிலும்தான் இது அதிகம். தயிரில் இருக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுத் தயிரில் நாலு தடவை தேடியும் இல்லை. அப்புறம் பதினேழில் எப்படி வந்தது?"

கொச்சு ஏதோ மெல்லச் சொன்னாள்.

"நீ லேபிளை மாற்றி ஒட்டியிருப்பாய். இல்லையென்றால் நாம் வாங்கி வைத்திருக்கிற கிருமி ஏதாவது இதில் விழுந்திருக்கும். இரண்டும் இல்லையென்று நீ சொன்னால் யார் நம்புவார்கள்? திங்கள்கிழமை கமிட்டி. அதுவரை யோசி. பதில் இல்லாவிட்டால் பதினேழை முழுக்க எடுத்துவிட வேண்டியதுதான்."

பதினேழை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. அது எனக்கே தெரியும். அந்தக் குடுவைகளை எல்லாம் கழுவினவள் நான்.

செடி என்று மேடம் சொன்னதும் எனக்கு உறைத்துவிட்டது. மிளகாய்க் காம்பு செடியில்லாமல் வேறென்ன. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கையில் ஈரத்துணியோடு நிற்கிறேன். கதவு நாலு அடி தூரம். மேடம் போய்விட்டார். கொச்சு மேசை மேலே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். பையை எடுத்தேன். பின்பக்கப் படி வழியாக இறங்கி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் ஒரு வேலை ஓடவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆராய்ச்சியில் ஏமாற்றினவள் என்று வேலையை விட்டு அனுப்பலாம். அது போகட்டும். அந்தப் பிள்ளை என் முகத்தை எப்படிப் பார்க்கும் என்பதுதான் தாங்கவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நம்பரைத் தேடி எடுத்துப் போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மே? எந்தா விசேஷம்?"

"சும்மாதான் மோளே. சாப்பிட்டியா?"

"இல்ல. பசி இல்ல. அம்மே, நான் லேபிள் மாத்தி ஒட்டல்ல. அம்மை தந்த குப்பியைத்தான் வச்சேன். மேடம் நம்புறதே இல்ல. இப்போ எனக்கே சம்சயமா இருக்கு, நான்தான் மாத்திட்டேனோன்னு."

"உனக்க மேல குத்தம் இல்ல மோளே."

"அம்மைக்கு எப்படி அறியும்?"

வாய் வரை வந்தது. பக்கத்தில் மருமகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அறியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

மருமகள் உளுந்து எடுக்க டப்பாவைத் திறந்தாள். உள்ளே கையை விட்டு, "அத்தே, இந்த மொளகாயை மாத்தப்பிடாதா? ஒரு வருஷமா கிடக்கு" என்றாள்.

உளுந்தில் வண்டு வராமல் இருக்க வற்றல் மிளகாய் போட்டு வைப்போம். உளுந்து தீரத்தீர மேலே கொட்டுவேன், மிளகாயை எடுப்பதில்லை. அது போன வருஷம் பழவங்காடியில் வாங்கின அந்தப் பொட்டலத்தின் மீதி. காம்பு கிள்ளினது போக மீதி இருந்ததை அன்றைக்கே டப்பாவில் போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டப்பாவை வாங்கித் தாளில் கவிழ்த்தேன். காம்போடு ஏழு மிளகாய் கிடந்தது.

"என்னத்தே, மொளகாயை எண்ணுறீங்க?" என்றாள் மருமகள்.

"எண்ண வேண்டியிருக்கு மக்கா" என்றேன்.

திங்கள்கிழமை காலை கமிட்டி கூடின அறையின் கதவு மூடியிருந்தது. வெளியே நின்றேன். கையில் மிளகாய்ப் பொட்டலம். உள்ளே கொச்சுவின் குரல் கேட்டது. சொல்லிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு ஒரு ஆண் குரல் நீளமாக ஏதோ கேட்டது.

திருநெல்வேலிக்காரி வாளியோடு வந்தாள். "யக்கா, இங்க என்ன செய்தீய? உள்ள மீட்டிங் நடக்கு."

"தெரியும்" என்று சொல்லிக் கதவைத் தள்ளினேன்.

நீள மேசை. மேடமும் மூன்று சார்களும். கொச்சு சுவரில் விழுகிற படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். படத்தில் வளையம். ஒரு சார் என் கையைப் பார்த்துவிட்டு, டீக்குப் பலகாரம் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து, "பிறகு, சேச்சி" என்றார். நான் போகவில்லை. போகவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. இவ்வளவு பேர் என்னை ஒரே நேரத்தில் பார்த்தது என் கல்யாணத்தில்தான்.

"பதினேழு எனக்க வீட்டுத் தயிர் இல்ல" என்றேன்.

அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். "கொச்சு ஒண்ணும் மாத்தல்ல. நான்தான் வேற தயிர் குடுத்தேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நாங்க வீட்டு உறை குடுக்கப்பிடாது. அதனால மொளகாய்க் காம்பு போட்டு உறைய வச்சுக் கொண்டுவந்தேன். அவ கேட்டதுக்கு வீட்டுத் தயிர்னு சொன்னேன்."

மூன்று சார்களில் ஒருத்தர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. எழுந்து என் அருகே வந்தார். எனக்குத் தெரிந்து அவர் தமிழ் பேசினது அப்போதுதான்.

"பச்சை மிளகாயா, வத்தலா?"

"வத்தல்."

"காம்பு மட்டுமா?"

"தொப்பியோட."

"கழுவினீங்களா?"

"கழுவினா உறையாது மேடம்."

அவர் திரும்பிக் கொச்சுவைப் பார்த்தார். கொச்சு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் கொச்சு கழுவும் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"ஒரு வருஷம் அம்மே" என்றாள். "ஒரு வருஷமா நாப்பது வருஷம், நாப்பது வருஷம்னு நான் எல்லாரோடயும் சொல்லிட்டு நடந்தேன். அம்மை இங்க நின்னு அதைக் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா மோளே."

"வெள்ளி பற்றாது, முடியாதுன்னு ஒரு வாக்கு சொல்லிருந்தா போதுமே. நான் திங்கள் வாங்கிட்டிருப்பேனே."

"நீ சிரிச்சிருவியோன்னு."

"நான் சிரிச்சிருப்பேன்தான். சிரிச்சுட்டுத் திங்கள் வாங்கிருப்பேன்."

அவள் கதவைத் திறந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அழுக்குக் குடுவைகளை மற்றவர்களைப் போலவே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். என்ன இருந்தது என்று சொல்வதில்லை.

கமிட்டி அவளுக்கு அவகாசம் கொடுத்திருந்தது. காம்பிலிருந்து அந்தக் கிருமியை எடுத்துக் காட்டினால் பதினேழு நிற்கும். இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். ஏழு காம்பையும் ஏழு குப்பிப் பாலில் தனித்தனியாக இட்டாள். பழவங்காடியில் அதே கடையில் புது மிளகாய் வாங்கிவரச் சொல்லி இன்னொரு வரிசையும் வைத்தாள். வாங்கிவந்தது நான். கையில் வாங்கினாளே தவிர வேறு பேச்சில்லை.

மறுநாள் காலை, நான் துடைக்கிற சாக்கில் குப்பிகளை வெதுவெதுப்பாக வைக்கிற சூட்டுப் பெட்டிப் பக்கம் போனேன். புது மிளகாய்க் குப்பிகள் பாதிக்கு மேல் உறைந்திருந்தன. உளுந்து டப்பா மிளகாயில் ஐந்து குப்பி பாலாகவே இருந்தது. அசைத்தால் ஆடியது. ஒரு வருஷம் டப்பாவுக்குள் கிடந்து கிருமி எல்லாம் செத்துப்போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு குப்பியில் மட்டும் கொஞ்சம் திரிந்த மாதிரி, அடியில் கட்டியாக ஏதோ தெரிந்தது. கொச்சு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் துணியோடு நின்றேன்.

அதிலிருந்து கிருமியை எடுத்துத் தனியாக வளர்க்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் நான் சீக்கிரமே போனேன். திருநெல்வேலிக்காரிகூடக் கேலியை நிறுத்திவிட்டாள். "யக்கா, கைய மெதுவாத் தேய்ங்க. குடுவை உடைஞ்சிரும்" என்று மட்டும் சொன்னாள்.

வளையம் பார்க்கிற நாள் கொச்சு தட்டுகளை அடுக்கி எடுத்து வந்தாள். மூடியைத் திறக்காமலே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் தட்டு, வெறும் வெள்ளை. இரண்டாவது, வெள்ளை. புது மிளகாயில் ஒன்றில் மங்கலாக ஏதோ இருந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு ஒதுக்கி வைத்தாள். அடுத்ததும் வெள்ளை. கடைசித் தட்டு டப்பா மிளகாயிலிருந்து வந்தது. அதை அவள் தூக்கிப் பிடித்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அந்தத் தட்டில் ஓர் இடத்தில், குழியைச் சுற்றின வட்டத்துக்குள், ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மாமரம் தெரிந்தது.

கொச்சு கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். தட்டைத் தாழ்த்தாமல் எனக்கு நேராகப் பிடித்தாள். அவ்வளவுதான். சிரிக்கவில்லை.

அதே கிருமிதானா என்று உறுதிப்படுத்த இன்னொரு சோதனை அனுப்பினார்கள். அதே ஜாதி, அதே ஆள் என்று பதில் வந்தது. ஆனால் அவள் எழுதினதில் பாதியை அழிக்க வேண்டியதாயிற்று. நாற்பது வருஷம் பாலில் பழகினதால் வந்த குணம் என்று எழுதியதெல்லாம் போயிற்று. செடியில் இருந்த கிருமி பாலுக்குள் வந்து எப்படிப் பிழைத்தது என்று புதிதாக ஆரம்பிக்க வேண்டும். படிப்பு முடிய இன்னும் மாசக் கணக்கில் தள்ளிப்போய்விட்டது. அவள் கூடப் படித்தவர்கள் முடித்துப் போய்விட்டார்கள். நடைவழியில் இருந்த தாளை அவளே கிழித்து எடுத்தாள். என் வீட்டுத் தயிர் மற்ற வீட்டுத் தயிர் போலத்தான். அதைக் கேட்டபோது கொஞ்சம் வலித்தது. ஒளிப்பானேன்.

ஒருநாள் காலையில் கொச்சு ஒரு தாளோடு கழுவும் அறைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினேழுக்குப் புதிதாக விவரம் எழுத வேண்டும், கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

"எல்லாம் பறயணும் அம்மே. ஒண்ணும் விடாம."

சொன்னேன். பால் எங்கே வாங்கினது, எவ்வளவு சூட்டில் ஊற்றினது, காம்பு எத்தனை, சாக்கு எப்படிப்பட்டது, எல்லாம். மழை பெய்ததைக்கூடச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.

"என்னத்துக்காக வீட்டுத் தயிர் கொண்டுவரல்ல?"

"அதையும் எழுதணுமா?"

"எழுதணும்."

"வெள்ளிக்கிழமை" என்றேன். எழுதினாள். கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து கோணலாகத்தான் வரும்.

அவள் எழுந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "ஒத்துப் பார்க்க வீட்டுத் தயிரும் ஒண்ணு வேணும். புதுசா. மத்தியானத்துக்குள்ள கிடைக்குமா? வீடு பக்கத்துலதானே."

குப்பியைக் கையில் எடுத்தேன். என் தலை ஆடப் பார்த்தது. அதை நிறுத்தினேன்.

"இன்னைக்கு வெள்ளி மோளே" என்றேன். "தரமாட்டேன். திங்கள் கொண்டுவாறேன்."

கொச்சு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குப்பியை என் கையிலிருந்து வாங்கி, மூடியில் எழுதியிருந்த தேதியை அடித்துவிட்டு, அதற்குக் கீழே திங்கள் என்று எழுதினாள். போகும்போது வாசலில் நின்று, மேசையில் வைத்திருந்த அழுக்குக் குடுவைகளைக் காட்டி, "அதுல மீன் கழுவின வெள்ளம் இருந்துச்சு அம்மே. ரண்டு தடவை தேய்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.